பாடகி எண் இரண்டு

வானொலி நிலையத்தின் இரண்டாவது மாடியில் ஒரு குரல் அசைய வேண்டுமானால் மூன்றாவது மாடியில் அனுமதி வாங்க வேண்டும்.

மூன்றாவது மாடியில் இருந்தது குரல் அசைவு ஒழுங்கு வாரியம். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒன்று கிடையாது. அப்போதிருந்த இயக்குநரின் ஆண்டு வாழ்த்துரையின் மேல் யாரோ தெரியாத்தனமாக பிளாஞ்சர் என்ற ஒலி விளைவை ஏற்றிவிட்டார்கள். வாய்க்குள் ஒரு விமானம் ஏறி இறங்குவதுபோல் இயக்குநர் பதினோரு நிமிடம் பேசினார். அதுவரை வராத அளவுக்கு நேயர்களிடமிருந்து பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அதுதான் அவரைப் புண்படுத்தியது. மறுமாதமே வாரியம் வந்துவிட்டது. அன்று முதல் எந்தக் குரலும் நடுங்கவோ, சுழலவோ, இரட்டிக்கவோ, அலையவோ கூடாது. அப்படிச் செய்வதாக இருந்தால் படிவம் மூன்று பிரதிகள்.

காது இரண்டாவது மாடிக்காரன். பதிவான பாட்டைக் கலந்து தருவது அவன் வேலை: குரல் எவ்வளவு, தாளம் எவ்வளவு, எது முன்னால், எது பின்னால். வயது முப்பத்திரண்டு. நிலையத்தில் எல்லோரும் அவனைக் காது என்றே கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில்கூட ஒரு வருடம் அப்படித்தான் இருந்தது. "இடதா வலதா என்று குறிப்பிடவும்" என்று மேலிடத்திலிருந்து கேட்டு எழுதிய பிறகுதான் மாற்றினார்கள்.

அவன் மனைவி பல் மருத்துவர். பிள்ளைகள் பல் தேய்ப்பதற்கென்று அவளே ஒரு பாட்டு எழுதி அவளே மெட்டுப் போட்டாள். சரியாக இரண்டு நிமிடம். பாட்டு முடியும்வரை பிரஷ் வாயை விட்டு வெளியே வரக்கூடாது என்பது ஏற்பாடு.

மேல்வரிசை வீட்டுக்காரரே, கதவைத் திறங்க
கீழ்வரிசை வீட்டுக்காரரே, விளக்கைப் போடுங்க
கடைவாய்க்குப் பின்னால யாரோ ஒளிஞ்சிருக்காங்க
அவங்களையும் ஒரு வார்த்தை நலம் விசாரிங்க

காலை ஏழரை மணிக்கு ஒலிபரப்பலாம் என்று நிலையம் ஒப்புக்கொண்டது. பதிவுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். எங்கேயும் அப்படித்தான் வருவாள். ஏன் என்று கேட்டால், "ஒரு பல்லு அடம் பிடிச்சிருச்சு" என்பாள். ஒரே தடவையில் பாடி முடித்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"என் குரல் ஒத்தையா நிக்குதுப்பா. பக்கத்துல இன்னொருத்தி நிக்கற மாதிரி ஏதாவது பண்ணு."

"பண்ணிடலாம்."

"சும்மா சொல்லாத."

"பண்ணிடலாம்னு சொல்றேன்ல."

பதிவு முடிந்து நாற்பதாவது நாள் அவள் இறந்துபோனாள். முதலில் காய்ச்சல் என்றார்கள். பிறகு வேறு ஏதோ சொன்னார்கள்.

ஐம்பத்திரண்டாவது நாள் காது வேலைக்குத் திரும்பினான். அவன் நாட்களை எண்ணியது துக்கத்தால் அல்ல, விதி பதினேழால். பதிவான நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் வாரியத்தின் அனுமதி பெறாத குரல், இடப் பற்றாக்குறை கருதி அழிக்கப்படும். பதிவை வெளியே எடுத்துப் போகவும் வழியில்லை. கணினியின் துளைகள் அத்தனையிலும் வாரியத்தின் எழுத்தர் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தியிருந்தார். அந்த வேகத்தில் சுவர்க் கடிகாரத்துக்கும் ஒன்று குத்தியிருந்தார். அது நின்றுபோனது. அவருக்கு முத்திரை அக்கா என்று பெயர்.

வீட்டில் இன்னொரு விதி உருவாகியிருந்தது. ஆறு வயது மகள் தினமும் ஏழரை மணிக்குப் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு வானொலிப் பெட்டியின் முன்னால் நின்றாள்.

"இன்னிக்கு அம்மா பாட்டு வருமாப்பா?"

"இன்னிக்கு இல்ல பாப்பா."

"அப்ப இன்னிக்குப் பல்லு தேய்க்கறது இல்ல."

"வாய் நாறும்."

"நாறட்டும். பாட்டு வந்தாதான் தேய்ப்பேன். அம்மாதான் சொன்னாங்க, பாட்டு இல்லாமத் தேய்ச்சா கணக்கு வராதுன்னு."

பல் மருத்துவரின் மகள் பன்னிரண்டு நாளாகப் பல் தேய்க்கவில்லை. பக்கத்து இருக்கைப் பிள்ளை இடம் மாற்றித் தரும்படி கேட்டதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. காது அவள் பல்லைத் துணியால் துடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்க வைத்து அனுப்பிக்கொண்டிருந்தான். அதையும் அவள் விதிவிலக்காகத்தான் அனுமதித்தாள்.

அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளைவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். டிரெமோலோ போட்டால் மனைவி குளிரில் நின்று பாடினாள். பேசர் போட்டால் நாற்காலியில் சுற்றிக்கொண்டே பாடினாள். பிளாஞ்சர் போட்டால் மேசை விசிறிக்குள் முகத்தை நுழைத்துப் பாடினாள். எல்லாமே அவள் செய்யக்கூடியவைதான், கேட்டது அதுவல்ல. கோரஸ் என்ற விளைவு ஒன்றுதான் சரியாக இருந்தது. அது குரலை ஒரு நகல் எடுத்து, சுருதியை இம்மி அளவு அசைத்து, ஒரு கண்ணிமைப்பைவிடக் குறைவான நேரம் பிந்தி, பக்கத்தில் நிறுத்தும். அதைப் போட்டதும் அவள் பக்கத்தில் இன்னொருத்தி வந்து நின்றாள். காது ஹெட்போனைக் கழற்றினான். பிறகு படிவத்தை எடுத்தான்.

வெளிநாட்டு இயந்திரத்தில் இருந்த சொற்களை வாரியம் ஒன்றுவிடாமல் தமிழாக்கியிருந்தது. விளைவு எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு ஈரம். எவ்வளவு தூரம் அசைய வேண்டும் என்பதற்கு ஆழம். எவ்வளவு பிந்தி வர வேண்டும் என்பதற்குத் தாமதம். அது பதினான்காவது கட்டம். காது எழுதினான்: கோரஸ். ஈரம் முப்பது. ஆழம் நாற்பது. தாமதம் இருபது மில்லி விநாடி.

ஐம்பத்தெட்டாவது நாள் கட்டடப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் ஏணியோடு வந்தார்.

"ஈரம் முப்பது சதவீதம்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"அது குரல்ல ஈரம். சுவத்துல இல்ல."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க." அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையைத் தட்டிப் பார்த்தார், மைக்கை மூக்குக்கு அருகில் வைத்து மோந்து பார்த்தார். "ஆமா, லேசா இருக்கு. எதிர்ல நின்னு நெறையப் பேர் பாடியிருக்காங்க."

நான்கு நாள் பதிவறையை மூடிவைத்துக் காயப்போட்டார்கள். ஐந்தாம் நாள் சான்றிதழ் வந்தது: அறை உலர்ந்தது, குரலுக்கு உத்தரவாதமில்லை.

அறுபத்தாறாவது நாள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் ஒரு மிதவை வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து பதிவறைக் கதவில் ஆணியடித்து மாட்டினார்.

"ஆழம் நாப்பது. பத்துக்கு மேல போனாலே வளையம் மாட்டணும். உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எந்தத் தைரியத்துல நாப்பது போட்டீங்க? குடும்பம் இருக்கு இல்ல?"

"மகள் இருக்கா."

"அதுக்காகவாவது பத்துல நிறுத்துங்க தம்பி." உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். போகும்போது வளையத்தை இழுத்துப் பார்த்து, உறுதியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எழுபத்து மூன்றாவது நாள் முத்திரை அக்காவே கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேசையில் முத்திரைகள் உயரவாரியாக நின்றன. நடுவில் காதின் விண்ணப்பம்.

"கோரஸ்னு போட்டிருக்கீங்க. கோரஸ்னா குழு. குழுவுல எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான்கா. அவங்க குரலையே நகல் எடுத்துப் பக்கத்துல வெக்கறது."

"அப்ப ரெண்டு பேரு."

"ஒருத்தர்."

"கேக்கும்போது எத்தனை பேரு கேக்கும்?"

காது யோசித்தான். அந்தக் கேள்வியில் பொய் சொல்ல அவன் தொழில் இடம் கொடுக்கவில்லை. "ரெண்டு பேரு மாதிரி."

"இத முதல்லயே சொல்லக் கூடாதா?" அக்கா பதிவேட்டைத் திறந்து எழுதினார். பாடகி எண் ஒன்று: பல் மருத்துவர். பாடகி எண் இரண்டு: தொழில் தெரியவில்லை. "அடுத்து இந்தப் பதினாலாவது கட்டம். இருபது மில்லி விநாடி தாமதம். யாரு தாமதம், ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு."

"காரணம் எழுதல."

"காரணம் எல்லாம் இல்லக்கா. அது ஒரு தொழில்நுட்பம்."

"தொழில்நுட்பக் காரணம் செல்லாது. ஆள் தாமதமா வந்தா ஆளோட காரணம் வேணும். பஸ் வரலையா, உடம்பு சரியில்லையா, என்னன்னு எழுதணும்."

"எண் ரெண்டு இருந்தாலும் ஆள் ஒண்ணுதான்கா."

"எண் குடுத்தாச்சு தம்பி. இனிமே ஆள் இல்லன்னா அது உங்க பொறுப்பு." அக்கா குத்தினார்.

அன்று மாலை காது சமையலறையில் உட்கார்ந்து பதினான்காவது கட்டத்துக்குக் காரணம் யோசித்தான். மனைவி தாமதமாக வந்ததற்கு அவனிடம் ஏழு வருடக் காரணங்கள் இருந்தன. எல்லாமே பற்கள். ஒரு கடைவாய்ப் பல், ஒரு வேர்ப் பல், பயந்து வாயைத் திறக்காத போலீஸ்காரர் ஒருவர். ஆனால் அவை எல்லாம் எண் ஒன்றின் காரணங்கள்.

"என்னப்பா எழுதற?" என்றாள் மகள்.

"ஒருத்தங்க ஏன் லேட்டா வந்தாங்கன்னு."

"அவங்களையே கேளு."

அது மூன்றாவது மாடிக்காரர்கள் சொல்வதுபோலவே இருந்தது. காது கட்டத்தைக் காலியாக விட்டான்.

விசாரணை எண்பத்தொன்பதாவது நாள் வைக்கப்பட்டது. நீண்ட மேசை. ஒரு முனையில் வாரியத் தலைவர். மறுமுனையில் உறுப்பினர் ஒருவர் தூங்கினார். அவர் தூங்கினால் 'ஆட்சேபணை இல்லை' என்றும், குறட்டை விட்டால் 'வழிமொழிகிறேன்' என்றும் பதிவாகும். பக்கவாட்டில் முத்திரை அக்கா. காது பாட்டைப் போட்டுக்காட்ட ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தான். தலைவர் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் வெளியில வையுங்க. இந்த அறையில எதையும் கேக்கறது இல்ல. கேட்டா மனசு மாறிடும்."

அவர் முன்பு போக்குவரத்து விளக்குகள் துறையில் இருந்தவர். பேச எழுந்து நின்றார்.

"ஒன்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு பாட்டை முழுசாக் கேட்டது கிடையாது. அதனாலதான் என் தீர்ப்புல பாரபட்சம்னு ஒருத்தன் சொல்ல முடியாது. சங்கீதம் தெரிஞ்சவனை இங்க உக்கார வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? நல்லா இருக்குன்னு சொல்லி அனுமதி குடுத்திருப்பான். நல்லா இருக்கறதா ஒரு அளவுகோல்? நான் வரும்போது வருஷத்துக்கு நானூறு பாட்டு அசைஞ்சுட்டு இருந்துச்சு. போன வருஷம் மூணு. அதுல ரெண்டு, தப்பாக் குடுத்த அனுமதி. விளக்குத் துறையிலயும் இப்படித்தான். என் காலத்துல ஒரு சந்திப்புல நாலு பக்கமும் சிவப்புப் போட்டு வெச்சேன். ஒரு வருஷம், ஒரே ஒரு விபத்து இல்ல."

உறுப்பினர் வழிமொழிந்தார்.

தலைவர் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். "பாடகி எண் ஒண்ணு வந்திருக்காங்களா?"

"இறந்துட்டாங்க சார்."

"எப்ப?"

"பதிவு முடிஞ்சு நாப்பதாவது நாள்."

தலைவர் அக்காவைப் பார்த்தார். "தொண்ணூறு நாள் கெடு ஓடிட்டிருக்கும்போதா? தகவல் குடுத்தாங்களா?"

"இல்ல சார்," என்றார் அக்கா.

"சரி, அதை விடுங்க. இறந்தவங்க குரல் அசையக் கூடாது. விதி நாலு. யாராவது பயந்துடுவாங்க."

காதின் கையில் இருந்த காகிதம் ஈரமாகியிருந்தது. மறுநாள் தொண்ணூறு. "அப்ப எந்த விளைவும் வேண்டாம் சார். குரல் அப்படியே போகட்டும்."

"அப்படியேன்னா?"

"அசையாம."

"அதுக்கு வேற படிவம். அசைவின்மைப் படிவம். நான் அசைய மாட்டேன்னு பாடகியே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"அவங்க அசைய மாட்டாங்க சார்."

"அதை அவங்க சொல்லணும்."

உறுப்பினர் குறட்டையை நிறுத்தினார். காது ஒலிபெருக்கியின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். ஏழரை மணிக்கு வானொலி முன்னால் நிற்கும் ஒருத்தியிடம் இனி எந்த நாளையும் சொல்ல முடியாது என்பதுதான் அவன் நினைவில் ஓடியது.

முத்திரை அக்கா பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "சார், எண் ரெண்டு இருக்காங்களே."

"யாரு?"

"பாடகி எண் ரெண்டு. அவங்க இறந்ததா எந்தத் தகவலும் இல்ல."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இவங்களும் அதே பாட்டைப் பாடியிருக்காங்களா?"

"முழுசும்," என்றான் காது. ஒயரைக் கீழே வைத்தான்.

"அப்ப இவங்க பாடினதை மட்டும் போடலாமே. ஏன் ஒண்ணைத் தூக்கிட்டு அலையறீங்க? கையெழுத்து வாங்குங்க. வயசு என்ன?"

"நான் பதிவு பண்ணி பதினாறு நாள் ஆகுது சார்," என்றார் அக்கா.

"கைக்குழந்தை. பாதுகாவலர் போட்டாப் போதும். யாரு பாதுகாவலர்?"

எல்லோரும் காதைப் பார்த்தார்கள். காது பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். உறவுமுறை என்ற இடத்தில் கணவன் என்று எழுதினான். அக்கா எட்டிப் பார்த்துப் பதறிப்போய் அதை அடித்தார்.

"பதினாறு நாள் குழந்தைக்கா? உள்ள போயிடுவீங்க தம்பி." யோசித்து, தெரிந்தவர் என்று எழுதினார்.

"எண் ஒண்ணு துளிகூடக் கேக்கக் கூடாது," என்றார் தலைவர். "அப்ப ஈரம் எவ்வளவு?"

"நூறு சார்."

"இந்தக் குழந்தை ரொம்ப அசையுமா?"

காதுக்கு அப்போதுதான் மண்டையில் பொறி தட்டியது. ஈரம் நூறு என்றால் நகல் மட்டும். அந்த நகல் அசையாவிட்டால் அது அவள் குரலேதான். "அசையவே அசையாது சார். ஆழம் பூஜ்யம்."

"நல்லா வளர்த்திருக்கீங்க. எழுதிக்கங்க. ஆழம் பூஜ்யம்னா அந்த வளையத்தைக் கழட்டிடலாம், வேற எங்கயாவது ஆகும்."

"தாமதத்தையும் பூஜ்யம் ஆக்கிடறேன் சார்."

"அது எப்படி?" தலைவர் முகம் இறுகியது. "நடந்த தாமதத்தை யாரும் ரத்து பண்ண முடியாது. ஒலிபரப்பான ஏழு நாளுக்குள்ள பதினாலாவது கட்டத்துக்குக் காரணம் வரணும். இல்லன்னா அனுமதி ரத்து, குரல் அழிப்பு. பச்சைக் குழந்தையா இருந்தாலும் ஒழுங்கு வேணும்."

காது இரண்டாவது மாடிக்கு இறங்கினான். ஈரத்தை நூறுக்குத் திருகினான். ஆழத்தை அடியோடு இறக்கினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான். வாரியம் அனுமதித்த பாடகி எண் இரண்டு, எண் ஒன்றின் அதே மூச்சோடு, கடைவாய் என்ற சொல்லில் அதே சிரிப்போடு பாடினாள். இருபது மில்லி விநாடி தாமதம். அவள் வந்த தாமதங்களிலேயே அதுதான் குறைவு.

ஒன்று மட்டும் உறுத்தியது. குரல் ஒத்தையாக நின்றது. பண்ணிடலாம் என்று சொல்லியிருந்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு இருபத்தெட்டுக்கு மகள் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். கேட்டுப் பழகியதால் கேட்டாள்.

"இன்னிக்கு வருமாப்பா?"

"வரும்."

அவள் அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். பற்பசையைப் பிதுக்கவில்லை, பாட்டு வந்த பிறகுதான் பிதுக்குவது என்று முடிவு. காலநிலை சொன்னார்கள். காணாமல்போன ஒரு நாயைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு, எந்த அறிவிப்பும் இல்லாமல், மேல்வரிசை வீட்டுக்காரரைக் கதவைத் திறக்கச் சொல்லி ஒரு குரல் கேட்டது.

மகள் அசையாமல் நின்றாள். பிறகு அவசரமாக மூடியைத் திறந்து, மூடி கீழே விழுந்து உருண்டு, பசையைப் பிரஷ்ஷில் பாதியும் கையில் பாதியுமாகப் பிதுக்கி, வாயில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கீழ்வரிசை வந்தபோது அவளும் சேர்ந்துகொண்டாள். வாய் நிறைய நுரை. சொற்கள் ஒன்றும் விளங்கவில்லை. மெட்டு மட்டும் வந்தது.

காது தொழில்காரன்; கணக்கிடாமல் இருக்க முடியவில்லை. தாமதம் முக்கால் விநாடி. சுருதி ஒரு நூல் கீழே, அதுவும் நிலையாக இல்லை. ஆழம் நாற்பதுக்கு மேல். ஈரம் நூறு, அவன் சட்டை வரைக்கும் தெறித்தது.

பெட்டிக்குள் ஒருத்தியும் அதன் பக்கத்தில் இன்னொருத்தியுமாக இரண்டு நிமிடம் பாடினார்கள்.

முடிந்ததும் மகள் துப்பிவிட்டு வந்தாள். "கணக்கு சரியா வந்துச்சுப்பா."

"ஆமா."

"நாளைக்கும் வருமா?"

"ஒரு கட்டம் பாக்கி இருக்கு. எழுதிட்டு வந்து சொல்றேன்."

ஒன்பது மணிக்கு மூன்றாவது மாடிக்குப் போனான். முத்திரை அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பதினான்காவது கட்டத்தைப் படித்தார். பாடகி எண் இரண்டு தாமதமாக வந்ததற்கான காரணம்: பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா இன்னொரு தடவை படித்தார்.

"இது காரணம்," என்றார். "இத முதல்லயே எழுதறதுக்கு உங்களுக்கு என்ன தம்பி?" இருப்பதிலேயே பெரிய முத்திரையை எடுத்து, ஊதி, குத்தினார்.